கடவில் அடைத்த முள்

ஆடி 29

கடவை அடைத்தாயிற்று.

என் கொறங்காட்டுக்கும் தம்பி நாச்சிமுத்துவின் நிலத்துக்கும் நடுவே ஓடும் கிளுவை வேலியில், மாடும் மனிதரும் போய்வர ஒரு வழி உண்டு. நிலத்தைப் பிரித்துக்கொண்ட நாளில் வேலி நட்டபோது அந்தக் கடவை மட்டும் விட்டுவைத்தோம். சகோதரர்கள் என்பதற்கு அது போதிய சான்று என்று அப்போது கருதப்பட்டது. இன்று காலை அதில் முள் வெட்டிப் போட்டு, ஒரு கோழி நுழைய இடமில்லாமல் கவைக்கோலால் அழுத்தி இறுக்கினேன். போட்ட முள்ளும் அவனுடையதுதான். அவன் நிலத்திலிருந்து வந்து, என் புல்லின் மேல் நின்று, என் மழையைக் குடித்து வளர்ந்த சீமைக்கருவேல்.

கொறங்காடு என்றால் தரிசு என்று நினைப்பவர்களுக்கு விளக்கிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. நாற்புறமும் உயிர்வேலி வைத்து, உள்ளே கொழுக்கட்டைப்புல்லும் நிழலுக்கு வெள்வேல் மரமுமாக, மாட்டுக்கென்றே காப்பாற்றப்படும் மேய்ச்சல் நிலம் அது. உழுவதும் விதைப்பதும் இல்லை என்பதால் சும்மா கிடக்கிறது என்று நாச்சிமுத்து முடிவுசெய்தான். தன் பங்கு முழுவதையும் முள்ளுக்கு விட்டான். இன்று அவன் பக்கத்தில் புல் ஓர் இழை கிடையாது. முள்ளை வெட்டிக் கரிமூட்டம் போட்டு விற்கிறான். "தண்ணி கட்டாத வெள்ளாமை" என்று அதற்குப் பெயரும் வைத்திருக்கிறான்.

நான் கோவையில் ஒரு கல்லூரியில் இருபத்தாறு ஆண்டுகள் தாவரவியல் கற்பித்தவன். விருப்ப ஓய்வு பெற்று, நான்கு மயிலைப் பசுக்களோடு சென்ற ஆண்டு இங்கே வந்தேன். நல்ல புல்லை நல்ல மாடு மேயவேண்டும் என்பதற்கு மேல் எனக்கு வேறு கனவு இல்லை. அந்த ஒன்றின் மேல்தான் முள் முளைத்திருக்கிறது.

மாலையில் துளசிமணி கேட்டாள்.

"ஏனுங், கடவ அடச்சுப்போட்டீங்களாமா? இனி கிருத்திகா எப்படி வருவா?"

கிருத்திகா நாச்சிமுத்துவின் மகள். ஈரோட்டில் நர்சிங் படிக்கிறாள். விடுமுறையில் அந்தக் கடவு வழியாக வந்து எங்கள் வீட்டில் காபி குடிப்பாள். ரோட்டைச் சுற்றிக்கொண்டு வரலாம் என்றேன்.

"சுத்தி வர்றதுக்குள்ள காப்பி ஆறிப்போயிருமுங்" என்றாள் என் மனைவி. இதை ஒரு வாதமாக நான் ஏற்கவில்லை.

ஆவணி 6

செல்லமுத்து மாமா இருவரையும் தம் வீட்டுக்கு அழைத்திருந்தார். அம்மாவின் தம்பி. எங்கள் இருவராலும் மறுத்துப் பேச இயலாத ஒரே மனிதர்.

"ஏஞ் சென்னியப்பா, கடவுல முள்ளப் போட்டயாமா? நானும் உங்கம்மாளும் போடாத சண்டையா? ஒரு நாளாச்சும் வேலிய அடச்சிருப்பமா?"

நான் பொறுமையாக விளக்கினேன். மாடு முள்ளின் முற்றிய காயை, அந்த நெற்றை, தின்கிறது. நெற்றின் சதை செரிக்கிறது, விதை செரிப்பதில்லை. குடலில் ஊறித் தோல் இளகிச் சாணத்தோடு விழும் விதை, கையால் ஊன்றிய விதையைவிட நன்றாக முளைக்கும். நாச்சிமுத்துவின் மாடுகள் நாள்தோறும் அவன் நெற்றைத் தின்றுவிட்டு என் தொட்டியில் தண்ணீர் குடிக்க வந்தன. வந்த மாடு ஒவ்வொன்றும் நடமாடும் நாற்றுப்பண்ணை.

நாச்சிமுத்து சிரித்தான். "மாமா, எங்கண்ணன் புரபசருங். எம்மாடு சாணி போட்டாக்கூட அதுல அவருக்கு ஒரு பாடம் இருக்குது."

"சிரிக்காதடா" என்றார் மாமா, தாமும் சிரித்துக்கொண்டே.

"அப்பறம் என்னங் மாமா? இவரு கோயமுத்தூர்ல இருந்த காலத்துல காட்ட எட்டிப் பாக்கறதில்ல. அவர் காட்டு முள்ளு அங்கயே மொளச்சு, அங்கயே காச்சு, அங்கயே மறுக்கா மொளச்சுது. பழி எம்மேல."

இருபத்தாறு ஆண்டு அவதூறை இவ்வளவு சுருக்கமாக நான் கேட்டதில்லை. நிரூபிக்கத் தயார் என்றேன். அப்போதுதான் அவன் அந்த வார்த்தையை விட்டான்.

"செரிங்ணா. உங்க காட்டு முள்ள பூராம் வேரோட எடுத்துப்போடுங்க. ஐப்பசி மழை பேயட்டும். அதுக்கப்பறமும் மொளச்சா எம்படதுதான்னு ஒத்துக்கறேன். பொக்லைன் வெச்சு எம்பட முள்ளு அத்தனையும் எடுத்தர்றேன். மொளைக்கலீன்னா நீங்க கடவத் தொறந்துரோணும். அப்பறம் முள்ளுன்னு வாயே தொறக்கப்படாது."

மாமாவின் சிரிப்பு நின்றுவிட்டது. "ஏன்டா, அந்த முள்ள வெச்சுத்தான உம்புள்ள படிச்சிட்டிருக்குது?"

"பேசுனா பேச்சுல நிக்கோணுமில்லீங் மாமா."

நான் ஒப்புக்கொண்டேன். உடனே ஒப்புக்கொண்டேன்.

ஆவணி 7

ஒப்புக்கொண்டதில் எனக்கு வருத்தம் ஏதுமில்லை.

ஆவணி 22

தரையோடு வெட்டினால் இந்த மரம் சாவதில்லை. ஒன்று பத்தாகித் துளிர்க்கும். ஒரு முழம் தோண்டி, மொட்டுகள் ஒளிந்திருக்கும் கழுத்துப் பகுதியை வேரோடு அறுத்தெடுக்க வேண்டும். கூலிக்கு வந்தவர்கள் வெட்டிவிட்டு டீசல் ஊற்றலாம் என்றார்கள். மாடு மேயும் மண்ணில் டீசலா என்று கேட்டேன். அதன் பிறகு மண்வெட்டிச் சத்தம் மட்டும் கேட்டது.

நெற்றோடு இருந்த கிளைகளைத் தனியே குவித்து எரித்தேன். கீழே உதிர்ந்தவற்றைத் துடைப்பத்தால் கூட்டி நெருப்பில் போட்டேன். பசுக்களைக் காட்டுக்குள் விடவில்லை. வீட்டில் கட்டிச் சோளத்தட்டு போடுகிறேன். மயிலைகளில் மூத்தது என்னைப் பார்த்துக் கத்துகிறது. அதற்கும் விளக்கினேன்.

செருப்பைத் துளைத்து ஒரு முள் குதிகாலில் ஒடிந்துவிட்டது. துளசிமணி ஊக்கால் எடுத்தாள். எடுக்கும்போது, "கொழுந்தனாருக்குக் கரி போடறவன் இன்னிக்கும் வந்தானுங். மழைக்கு முன்னாடி வெட்டற வரைக்கும் வெட்டிக்கன்னு சொல்லிட்டாராமா" என்றாள்.

தோற்கப்போவது அவனுக்கே தெரிந்திருக்கிறது என்றேன். ஊக்கு சற்று ஆழமாக இறங்கியது.

புரட்டாசி 4

கடைசி மரம் இன்று விழுந்தது. காடு முழுவதும் குண்டும் குழியுமாக, அம்மை வடுப் பட்ட முகம்போல் இருக்கிறது. ஆனால் முள் இல்லை. வெள்வேல் மரங்கள் மட்டும் தனித்தனியே நிற்கின்றன. வேலியிலிருந்து வேலிவரை பார்வை தடையின்றிப் போகிறது.

நாச்சிமுத்து வேலிக்கு அப்பால் நின்று எட்டிப்பார்த்தான்.

"என்னங்ணா, மொட்ட போட்டாச்சாட்ட இருக்குது. பழனிக்குத்தான் நேந்திருந்தீங்களா?"

இப்படிப்பட்டவர்களுக்கு மௌனமே தகுந்த பதில் என்று நம்புகிறேன். அவனும் உள்ளூர அதை உணர்ந்திருப்பான். சீட்டியடித்துக்கொண்டு போனான்.

புரட்டாசி 9

தோண்டிய மண்ணில் சத்து இல்லை. புல் விதை கிடக்கிறது, மழையும் வரும், நடுவே எரு வேண்டும். ஆட்டுப்பட்டி போடுவதே முறை என்று முடிவுசெய்து மூலனூர்ப் பக்கத்து மாரப்பனை வரவழைத்தேன். ஒரு மந்தை நிறையச் செம்மறிகள். மூங்கில் படல்களை நான்கு புறமும் நிறுத்திச் சதுரமாகக் கட்டி, அதற்குள் ஆடுகளை இரவு முழுவதும் அடைக்கிறார். மறுநாள் பட்டியைப் பிரித்துப் பக்கத்தில் இன்னொரு சதுரம். இப்படியே காட்டின் நடுப்பகுதி முழுவதும். அளவு நாடா இல்லாமலேயே கோணம் பிசகாத அந்த ஒழுங்கு என்னைக் கவர்ந்தது. இந்தப் பக்கத்தில் நேர்கோடு போட ஒருவராவது இருக்கிறார்.

"ஆடு நல்ல தெரட்சியா இருக்குதே" என்றேன்.

"இருக்காதுங்களா? வைகாசியிலிருந்து ஆத்துக்குள்ளயேதானுங் கெடந்துச்சு. ஆத்துக்குள்ள இப்ப தண்ணியா போகுது? பூராம் சீமைவேலா நெத்துத்தானுங். புண்ணாக்கு பிச்ச வாங்கோணும். நேத்துத்தான் அங்கிருந்து ஓட்டியாந்தனுங் வாத்தியாரே."

ஓர் ஆற்றையே முள்ளுக்குக் கொடுத்துவிட்டு, அதன் நெற்றைப் புண்ணாக்கோடு ஒப்பிட்டு மகிழும் ஒரு நாட்டைப் பற்றித் தனியே எழுதவேண்டும். கோபத்தில் இன்று காபியை மறந்துவிட்டேன்.

புரட்டாசி 16

பட்டி முடிந்தது. மாரப்பன் மந்தையோடு கிளம்பினார். நடுக்காடு முழுக்கப் புழுக்கை; அருமையான எரு.

புரட்டாசி 20

சான்று கிடைத்தது.

ரோட்டில் நாச்சிமுத்துவின் எருமை போட்ட சாணத்தை ஒரு குச்சியால் பிளந்து பார்த்தேன். உள்ளே சீமைக்கருவேல் விதைகள், பழுப்பு நிறத்தில், பளபளப்பாக, உயிரோடு. காகிதத்தில் மடித்துக்கொண்டிருந்தபோது பின்னால் ஸ்கூட்டி நின்றது. கிருத்திகா.

"பெரீப்பா, என்ன தேடறீங்க?"

"உங்கப்பனுடைய மனசாட்சிய."

"அது அதுக்குள்ளயா கெடக்குது?" என்று கேட்டுவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு வண்டியை விட்டு இறங்கி என் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது.

"ஈரோட்டுக்குக் கெளம்பறனுங் பெரீப்பா. தீபாவளிக்கு வந்தா திரும்பிப் போவனோ என்னமோ தெரியல."

"ஏன்?"

"முள்ளு போச்சுன்னா, ஒரு வருசம் நிறுத்திட்டு அப்பறம் படிக்கலாம்னு அப்பா சொன்னாரு. ஒரு வருசம் நின்னா அவ்வளவுதான், இல்லீங்களா? நீங்க காலேஜுல பாத்திருப்பீங்களே."

பார்த்திருக்கிறேன். அப்படி நின்றவர்கள் எவரும் திரும்பி வந்ததாக எனக்கு நினைவில்லை. ஆனால் ஒரு பெண்ணின் கல்வியைக் கரிமூட்டத்தின் மேல் கட்டிவைத்தது யாருடைய குற்றம்? அதை நான் கேட்டேனா? கேட்கவில்லை. பத்திரமாகப் போய்வரச் சொன்னேன்.

ஐப்பசி 3

மழை. நல்ல மழை. ஓடுகளின் மேல் விழும் சத்தத்தில் பேச்சு கேட்கவில்லை.

ஐப்பசி 13

புல் வந்துவிட்டது. சிவந்த மண்ணின் மேல் பச்சை மூச்சு விட்டாற்போல், இழை இழையாக.

அதோடு முள்ளும் வந்துவிட்டது.

மண்டியிட்டுப் பார்த்தேன். தடித்த இரண்டு வித்திலைகள், நடுவே சிறகுபோல் பிரிந்த முதல் இலை. ஐயமே இல்லை. ஒன்றிரண்டல்ல, ஆயிரக்கணக்கில். என் வாழ்நாளில் ஒரு களையைக் கண்டு இவ்வளவு மகிழ்ந்ததில்லை என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். மாமாவுக்குப் போன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை இருவரும் வந்து பார்க்கட்டும்.

ஒரு சிறு குறிப்பு. வேலியோரத்தில் முளைப்பு மிகக் குறைவு. நடுக்காட்டில்தான் அடர்த்தி. நீரோட்டம் காரணமாக இருக்கலாம். பறவைகளும் காரணமாகலாம்.

ஐப்பசி 14

துளசிமணி மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் பார்க்க ஏறியவள் அங்கிருந்தே கூப்பிட்டாள்.

"ஏனுங், இங்க வந்து பாருங். முள்ளு கட்டங் கட்டமா வந்திருக்குது. கோலத்துக்குப் புள்ளி வெச்சாப்பல."

பயிற்சியில்லாத கண்ணுக்கு இயற்கையில் எங்கும் வடிவங்கள் தெரியும் என்றேன்.

"எம்பட கண்ணு கெடக்குது. உங்க கண்ணக் கொண்டாங்களேன்."

ஏறினேன். இறங்கினேன்.

இன்று பிற்பகல் முழுவதையும் அலமாரியில் நூல்களை அடுக்குவதில் செலவிட்டேன். தாவர வகைப்பாடு தனியாக, சூழலியல் தனியாக. விதைப் பரவல் பற்றிய நூலின் அட்டையைக் கரையான் அரித்திருக்கிறது. அந்தப் பதிப்பு இப்போது எங்கும் கிடைப்பதில்லை. நூல்களைப் பேணுவதில் இந்நாட்டு மக்கள் காட்டும் அலட்சியம் மன்னிக்க முடியாதது.

ஐப்பசி 17, ஞாயிறு

மாமா ஊன்றுகோலோடு வந்தார். நாச்சிமுத்து வெள்ளை வேட்டியில், ஏதோ கல்யாணத்துக்கு வந்தவன்போல் வந்தான். இருவரும் ரோட்டைச் சுற்றித்தான் வரவேண்டியிருந்தது.

மாமா குனிந்து ஒரு நாற்றைப் பிடுங்கி, கண்ணுக்கு நெருக்கமாக வைத்துப் பார்த்தார். "ஆமாடா. முள்ளேதான்."

நாச்சிமுத்து காட்டுக்குள் நடந்தான். நடுக்காட்டுக்குப் போனதும் நின்றான். காலடியைப் பார்த்தான். பிறகு நாற்று தொடங்கும் விளிம்பின் மேலேயே மெல்ல நடந்து போய், ஒரு மூலையில் திரும்பினான். அடுத்த மூலையில் மறுபடி திரும்பினான். மூன்றாவது மூலையில் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நான் வெள்வேல் மரத்தைப் பார்த்தேன்.

"என்னடா நாச்சிமுத்து, என்ன சொல்ற?" என்றார் மாமா.

அவன் காலருகே காய்ந்த புழுக்கை கிடந்தது. பெருவிரலால் அதை உருட்டினான்.

"சொல்றதுக்கு என்னங் மாமா இருக்குது? அண்ணன் படிச்சவரு. அவர் சொன்னா செரியாத்தான் இருக்கும். நாளன்னிக்கு வண்டி வரச் சொல்றனுங்."

"உனக்கு ஒண்ணும் சொல்றதுக்கில்லையா சென்னியப்பா?" என்று மாமா என் பக்கம் திரும்பினார்.

வெயில் அதிகமாகிறது, மோர் குடித்துவிட்டுப் போகலாம் என்றேன். நாச்சிமுத்துவுக்கு மோர் வேண்டியிருக்கவில்லை.

ஐப்பசி 18

அவனுடைய மௌனத்தைப் பெருந்தன்மை என்று யாரேனும் கருதினால் அது தவறு. அது திட்டமிட்ட அவமானம். கண்டதைச் சொல்வது ஒரு மனிதனின் கடமை. மாமா கேட்டபோது வாய் திறந்து, "இது ஆட்டுப்பட்டி" என்று இரண்டு சொல்லில் முடித்திருக்கலாம். நான் மறுத்திருக்க முடியாது. மறுத்துமிருக்க மாட்டேன். எதிர்த்துப் பேசத் தகுந்தவனாகக்கூட அவன் என்னை மதிக்கவில்லை. தன் மகளின் படிப்பை எடுத்து என் கையில் வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்விட்டான். இத்தகைய கொடுமைக்குச் சட்டத்தில் பிரிவே இல்லை.

துளசிமணி மத்தியானம் சாதத்தை வைத்துவிட்டு எதிரில் உட்காராமல் போய்விட்டாள். ரசத்தில் உப்பு இல்லை. கேட்டேன்.

"அதுக்கும் கொழுந்தனார்தான் காரணமா இருக்குமுங்" என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது.

ஐப்பசி 19

பொக்லைன் காலையிலேயே வந்துவிட்டது. வேலிக்கு அப்பால் அதன் இரைச்சல் கேட்டது. ரோட்டைச் சுற்றிக்கொண்டு போனால் நேரமாகும். ஆகவே கடவில் அடைத்திருந்த முள்ளைப் பிடித்து இழுத்தேன். காய்ந்த சீமைக்கருவேல், பச்சையாக இருந்தபோது இருந்ததைவிடக் கொடியது. இறுக்கி அடைத்தவன் சிறப்பாகத்தான் வேலை செய்திருக்கிறான். இரண்டு உள்ளங்கையிலும் இரத்தம். வேட்டி கிழிந்தது. ஐம்பத்தாறு வயதில் ஒரு முதுகலைப் பட்டதாரி வேலிக்கு நடுவே கிழிந்த வேட்டியோடு நின்று, "வண்டிய நிறுத்துப்பா!" என்று கத்த நேர்ந்ததற்கு யார் பொறுப்பு என்பதைப் பிறகு பார்க்கலாம்.

ஓட்டுநர் நிறுத்தினான். கடவை ஒட்டிய வேலியோரத்தில் ஒரு மரம் ஏற்கெனவே வேர் மேலாகக் கிடந்தது. நாச்சிமுத்து கைகளைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான்.

"ஏனுங்ணா? பேச்சுன்னா பேச்சா இருக்கோணுமில்ல?"

"நேத்து முந்தாநாள் உன் வாய்க்கு என்னடா வந்துச்சு? கட்டத்த மூல மூலையா நடந்து அளந்தியே, மாமாகிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்துட்டிருந்தேன்."

"சொல்றதுக்கு என்ன இருக்குது? கண் இருக்கறவனுக்குத் தெரியாதா?"

"மாமாவுக்குக் கண்ணுல பொறையிங்ணா" என்றான்.

சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் ஓட்டுநர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். நான் அங்கேயே மாமாவுக்குப் போன் செய்தேன். சொல்லவேண்டியதைச் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "ஆட்டுப்பட்டின்னு அன்னிக்கே எனக்குத் தெரியும்டா. பொறைதான், குருடில்ல" என்றார்.

ஆக, மூன்று பேரும் தெரிந்துகொண்டே மோரைப் பற்றிப் பேசியிருக்கிறோம். என் குடும்பத்தைப் பற்றி எழுத இனி ஒன்றுமில்லை.

வந்த வண்டி வெறுமனே திரும்பக்கூடாது என்பதற்காக, வேலியோரத்து முள்ளை மட்டும் ஒரு பாட்டம் எடுத்துவிடச் சொன்னேன். வேலியிலிருந்து விலகியிருப்பதை அவன் கரிக்கு வைத்துக்கொள்ளட்டும். ஆனால் நெற்று வைக்கும் முன்பே வெட்டவேண்டும், அவன் எருமை அதைத் தின்னக்கூடாது என்று தெளிவாகக் கூறினேன். "எருமைகிட்டயும் நீங்களே சொல்லீருங்ணா" என்றான். நிபந்தனையை அவன் ஏற்றுக்கொண்டதாகவே எடுத்துக்கொள்கிறேன்.

தீபாவளிக்கு மறுநாள்

காலையிலிருந்து முள்நாற்று பிடுங்குகிறோம். ஈரம் இருக்கும்போதே எடுத்தால்தான் முழுதாக வரும். வேர் இறங்கிவிட்டால் மறுபடி மண்வெட்டிதான். ஒரு பட்டிக் கட்டத்தில் நானும் துளசிமணியும், அடுத்ததில் கிருத்திகாவும் அவள் அம்மாவும், அதற்கடுத்ததில் நாச்சிமுத்து தனியாக. கிருத்திகா நாளை ஈரோட்டுக்குத் திரும்புகிறாள். கல்லூரிக்குத்தான். காபியைத் தூக்குப்போசியில் ஊற்றிக் கடவு வழியாகக் கொண்டுவந்தாள். சூடாக இருந்தது. கடவுக்கு இன்னும் படல் கட்டவில்லை. கட்டவேண்டும்.

ஒன்றைப் பதிவுசெய்தாக வேண்டும். நாச்சிமுத்து நாற்றின் தலையை மட்டும் கிள்ளி எறிகிறான். வேர் அப்படியே மண்ணில் இருக்கிறது. அடியோடு பிடித்து இழு என்று ஐந்தாறு முறை சொல்லிவிட்டேன். "செரிங் புரபசர்" என்கிறான். மறுபடியும் தலையைத்தான் கிள்ளுகிறான். அவன் முடித்த கட்டம் முழுவதையும் நான் நாளை மறுபடி குனிந்து எடுக்கவேண்டியிருக்கும். வேண்டுமென்றேதான் செய்கிறான்.